புறாத்தீவுக்கு வெளியே தெரிந்த ஆறு முதுகுகள்

திருகோணமலையை அடுத்த நிலாவெளியில் உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா சித்திரை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, காற்று முற்றாக ஓய்ந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்த வேளையில், புறாத்தீவுக்கு வெளியே நெடுந்தொலைவில் ஆறு கறுத்த முதுகுகள் வரிசையாக நீருக்கு மேல் தெரிந்ததைப் படகிலிருந்து கண்டாராம். முதலாவது பெரியது, பின்னால் வந்தவை ஒவ்வொன்றும் அதனதன் முன்னதைவிடச் சிறியவை. சிறிது தூரம் ஒரே சீராக நகர்ந்து, தண்ணீர் தெறிக்காமல் தாழ்ந்து மறைந்துவிட்டன. வாடியில் இருந்த முதியவர்கள் அதைக் கடல் நாகம் என்றார்கள். இளைஞர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து சித்தப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லையாம். இப்படி ஒரு பிராணி உண்மையில் உண்டா, சுனாமிக்குப் பிறகு ஆழத்தில் இருந்தவை மேலே வந்துவிட்டன என்பது சரியா, இரவில் கடல் ஒளிர்வதும் மட்டக்களப்பில் மீன் பாடுவதும் இவற்றோடு சேர்ந்தவையா என்று தம்பி கேட்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் கடலில் தொழில் செய்த ஒருவர் ஒன்றைக் கண்டேன் என்று சொன்னால், அவர் ஒன்றைக் கண்டிருக்கிறார். அவர் கண்டது ஒரு செய்தி. அதற்குப் பிறர் இட்ட பெயர் வேறொரு செய்தி. கறுத்த முதுகுகள் ஆறு, அளவில் இறங்குவரிசை, அமைதியான கடல், தெறிப்பில்லாத மறைவு ஆகியவை அவர் கண்டவை. ‘கடல் நாகம்’ என்பது கரையில் இருந்தவர்கள் சேர்த்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதபடியால்தான் ஒரு பக்கத்தார் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறார்கள், மற்றப் பக்கத்தார் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் இழக்கப்படுவது சித்தப்பாவின் கண்தான்.

அடுத்ததாக, நம்முடைய கடல் எப்படிப்பட்டது என்பதை மனதில் கொள்ள வேண்டும். பெரும்பாலான ஊர்களில் ஆழ்கடல் என்பது கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் வரும். திருகோணமலையில் அப்படியல்ல. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, கிழக்கே போகப் போக 3000 மீற்றருக்கும் மேலாக ஆழ்ந்து செல்கிறது. துறைமுகம் இவ்வளவு ஆழமாக அமைந்ததும் இதனோடு தொடர்புடையதே. கோணேசர் கோயில் மலையின் விளிம்பில் நின்று, நீலத் திமிங்கிலம் ஊதுவதை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். உலகத்தில் நிலத்தில் நின்றபடி அதைப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. 1980களின் முற்பகுதியில் ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் எண்ணெய்த் திமிங்கிலங்களை (ஆங்கிலத்தில் sperm whale) பின்தொடர்வதற்கு இந்தக் கடலைத் தேர்ந்தெடுத்ததும் இந்த ஆழத்துக்காகத்தான். ஆயிரம் மீற்றருக்குக் கீழே வாழும் கணவாய்களைத் தின்னும் பிராணி, நிலாவெளியிலிருந்து காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பும் படகின் கண்ணில் படுகிற கடல் இது. ஆகவே விசித்திரமான ஒன்றைக் காண்பதற்கு நம் மீனவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.

இனி நாகத்துக்கு வருகிறேன். பாம்பு எதுவாயினும் உடலைப் பக்கவாட்டில் நெளித்தே நீந்தும். அதன் முதுகெலும்பின் மூட்டுகள் அவ்வாறு அமைந்தவை. மீனும் அப்படியே. நீருக்கு மேலே முதுகு முதுகாக எழுந்து தாழ வேண்டுமானால் உடல் மேலும் கீழும் வளைய வேண்டும். நீரில் அப்படி வளைந்து நீந்துபவை திமிங்கிலமும் ஓங்கலும் கடற்பசுவும் போன்ற பாலூட்டிகள். பழைய ஐரோப்பியப் படங்களில் கடலுக்கு மேலே வளையம் வளையமாக எழும் சர்ப்பத்தை வரைந்தவர்கள், தம்மை அறியாமலே ஒரு பாலூட்டியின் அசைவைத்தான் வரைந்தார்கள். நம் கடலில் மெய்யான கடற்பாம்புகள் நிறைய உண்டு. அவற்றின் நஞ்சு கொடியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒன்று, ஒன்றரை மீற்றர் நீளந்தான். மிக நீண்ட இனமும் 3 மீற்றரை எட்டுவது அரிது. வலையில் சிக்கிக் கடிக்கும் ஒன்றுக்குத் தமிழ் மீனவர்கள் வைத்த ‘வலக்கடியன்’ என்ற பெயர், 19ஆம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானப் பெயராகவும் ஏறியிருந்தது. பெயரிடத் தெரிந்த மக்கள் நாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ‘திமிங்கிலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: திமி என்ற பெருமீனையும் விழுங்குவது என்பது அதன் பொருள். அதையும் விழுங்குவதற்குத் ‘திமிங்கிலகிலம்’ என்று மேலும் ஒரு பெயரை வைத்தார்கள் முன்னோர். கடலில் தாம் கண்டதைவிடப் பெரியது ஒன்று எப்போதும் இருக்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடல் சர்ப்பம் பற்றிய சாட்சியங்களில் மிகவும் மதிப்புப் பெற்றது 1848 ஆகஸ்ட் 6ஆம் திகதி தென் அத்திலாந்திக்கில் ‘டீடலஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் தளபதி மக்குஹே தம் அதிகாரிகளோடு கண்டது. தலையை நீருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்த்தியபடி, 18 மீற்றருக்குக் குறையாத உடலோடு அது கப்பலைக் கடந்து போனது என்று அவர் அறிக்கை கொடுத்தார். அக்காலத்தின் பெரிய உடற்கூற்றறிஞரான ரிச்சர்ட் ஓவன் அது பெரும்பாலும் ஒரு கடல்நாயாகவே இருக்கும் என்று எழுத, தளபதி அதை ஏற்க மறுத்துப் பதில் எழுதினார். ஓவனின் தொனி எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. தாம் அங்கே இல்லாமலே, அங்கே இருந்தவர்களின் கண்ணைத் திருத்தினார். அண்மைக் காலத்தில், மேற்பரப்பில் வாயைத் திறந்தபடி இரையை வடிகட்டிச் செல்லும் ‘சேய்’ (sei) என்ற இனத் திமிங்கிலம் அந்த அதிகாரிகளின் வரைபடத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டியிருக்கிறார்கள். தளபதி கண்டது பொய்யாகவில்லை. கடல்நாய் என்பதுதான் தவறாகியது.

நம் பக்கத்திலேயே இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1560இல் மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு ‘கடற்கன்னிகள்’ பிடிபட்டதாகவும், கோவாவில் இருந்த போர்த்துக்கேய ஆளுநரின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகள் மனிதருடையவற்றை ஒத்தன என்று கண்டதாகவும் இயேசு சபையினரின் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பிற்காலத்தில் எடுத்துச் சொன்னவர் பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். அவை கடற்பசுக்கள் என்பதில் ஐயமில்லை. முன்துடுப்பினடியில் மார்பு, குட்டியை அணைத்தாற்போலப் பாலூட்டும் தோற்றம், நீருக்கு மேல் வட்டமான தலை, உள்ளே நுரையீரல்: பாலூட்டியை அறுத்தால் பாலூட்டியின் உறுப்புகள்தான் இருக்கும். அந்த மருத்துவர் பார்த்தது சரி. தமிழில் ‘நீரரமகளிர்’ என்ற சொல் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் மன்னார்க் கரையில் அதே பிராணியைத் தினமும் கண்டவர்கள் அதற்குப் பசு என்றும் பன்றி என்றும் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கையில் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்று அந்தப் பசு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டும் அருகிக்கொண்டே போகிறது.

ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1933இல் பத்திரிகைச் செய்தியாகத் தொடங்கி, 1934இல் வெளிவந்த நீண்ட கழுத்துப் புகைப்படத்தால் உலகப் புகழ் பெற்று, அந்தப் படம் பொம்மை நீர்மூழ்கியின் மேல் ஒட்டிய தலை என்று 1994இல் வெளிப்பட்ட கதை அது. 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் நீல் ஜெமெல் தலைமையில் ஏரியின் நீரை எடுத்து, அதில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படித்துப் பார்த்தார்கள். ஊர்வன எதன் தடமும் இல்லை; விலாங்கு மீனின் தடம் நிறைய இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரிலிருந்து அந்த நீரில் வாழ்வது எதுவென்று கேட்க முடிகிற காலம் இது என்பதே அதில் எனக்குப் பிடித்த செய்தி.

கரையொதுங்கும் உடல்கள் பற்றி நேரில் கண்டதையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், வாடைக்காற்று அடங்கிய பிறகு, சல்லிக் கடற்கரையில் ‘மயிருள்ள மிருகம்’ ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்று மாணவர்கள் வந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். வெளிறிய, கண்ணில்லாத, வாயெது வாலெது என்று சொல்ல முடியாத ஒரு பெருந்திரள். ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை மயிர் அடர்ந்து அலையோடு அசைந்தது. நாற்றம் காரணமாக எல்லோரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த மயிரில் ஒரு பிடியை இழுத்தேன். அறவில்லை, வேரும் இல்லை. சூப்பி எறிந்த பனங்கொட்டையில் நிற்கும் தும்புபோல, இழுக்க இழுக்க உள்ளிருந்தே வந்தது. அது மயிரன்று, திமிங்கிலத்தின் கொழுப்புப் படையைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார். கொழுப்பு உருகிப் போக நார் மட்டும் மிஞ்சியிருந்தது. காலடி மணலில் இடியப்பத் தட்டு அளவில் ஒரு வட்ட எலும்புத் தகடு கிடந்தது. முள்ளந்தண்டெலும்பின் இரு முனைகளிலும் இருக்கும் வளர்ச்சித் தகடு அது. முதிர்ந்த விலங்கில் எலும்போடு ஒன்றிவிடும். தனியே கழன்று வந்தபடியால், வளர்ந்து முடியாத இளம் திமிங்கிலம் என்று அந்த ஒரு தகட்டாலேயே தெரிந்தது. மாணவர்களில் ஒருத்தி அதுவரை பயத்தில் எட்ட நின்றவள், குட்டியா என்று கேட்டுக்கொண்டு கிட்ட வந்தாள்.

இதே வகை மயக்கம் உலகெங்கும் நேர்ந்திருக்கிறது. 2003இல் சிலி நாட்டுக் கரையில் ஒதுங்கிய பெரிய சதைத் திரளை ஏதோ இராட்சத எண்காலி என்று நினைத்தார்கள், டி.என்.ஏ. சோதனை எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்புப் படை என்றது. 1977 ஏப்ரலில் நியூசிலாந்துக்கு அருகே ஜப்பானிய ‘ஸுயியோ மாரு’ படகின் வலையில் ஏறத்தாழ 10 மீற்றர் நீளத்தில், நீண்ட கழுத்தும் சிறிய தலையுமாக அழுகிய உடல் ஒன்று வந்தது. பிடித்த மீன் பழுதாகிவிடும் என்று அதைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். நல்லவேளையாகப் படமும், துடுப்பிலிருந்து சில நார்களும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த நார்களின் அமைப்பு, வாயைத் திறந்தபடி இரையை வடிகட்டும் ‘பாஸ்கிங்’ (basking) சுறாவினுடையதை ஒத்திருந்தது. அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுள் பகுதியும் முதலில் கழன்று விழுந்துவிடும். எஞ்சும் மண்டையோடும் முள்ளந்தண்டும் அழிந்துபோன கடல் ஊர்வனவொன்றின் உருவத்தைத் தந்துவிடும். ஒரு சிட்டிகை நாரை உப்பிலோ மதுசாரத்திலோ இட்டு வைப்பது எத்தனை வருட வாதத்தைத் தீர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுனாமி பற்றிய கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பேரலை ஆழத்திலிருந்து தூக்கி எறிந்த பிராணிகள் என்று சில படங்கள் உலகெங்கும் சுற்றின. பல்லும் ஒளியுமாக இருக்கும் அந்த மீன்களின் படங்கள் இன்றும் கைத்தொலைபேசிகளில் வருகின்றன. அவற்றில் பல 2003இல், அதாவது பேரலைக்கு முந்தைய ஆண்டில், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ‘நோர்பான்ஸ்’ என்ற ஆய்வுப் பயணத்தில் எடுக்கப்பட்டவை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் பிள்ளையை இழந்த தாய் இருக்கிறாள். அவள் கடலைப் பார்க்கும்போது அவளுக்கு முன்னால் பொய்ப்படத்தை நீட்டுவது எனக்குப் பொறுக்க முடியாத செயல். நீண்ட வெள்ளிப் பட்டைபோல, தலையில் செந்நிறக் கொண்டையோடு இருக்கும் துடுப்பு மீன் ஒதுங்கினால் நிலநடுக்கம் வரும் என்பதும் இவ்வாறு பரவிய செய்தியே. 8 மீற்றர் வரை வளரும் அந்த மீன், கடல் சர்ப்பக் கதைகள் பலவற்றுக்கு மூலமாக இருந்திருக்கலாம். நோயுற்றோ அடிபட்டோதான் அது பொதுவாக மேலே வருகிறது. ஜப்பானில் 1928 முதல் 2011 வரை பதிவான 336 ஆழ்கடல் மீன் தோற்றங்களை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தக்கூடியதாக ஒரே ஒரு நிகழ்வைத்தான் கண்டார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கடல் திடீரென உள்வாங்கினால் ஓடுங்கள், தரை நீண்ட நேரம் குலுங்கினால் ஓடுங்கள். மீனைக் கண்டு ஓட வேண்டியதில்லை.

இரவில் கடல் ஒளிர்வதை நானே கொட்டியாரக் குடாவில் கண்டிருக்கிறேன். பாலங்கள் கட்டப்படுவதற்கு முன், மூதூருக்குப் படகில் போகும் காலம். அமாவாசையை ஒட்டிய இருட்டு. படகின் முனை கிழித்த இடமெல்லாம் பச்சை கலந்த நீல ஒளி. விரலை நனைத்து எடுத்தபோது நகக்கண்ணில் ஒரு பொட்டு மின்னி அணைந்தது. அடியில் ஓடிய மீன் கூட்டம் ஒன்று ஒளிக்கோடாக நெளிந்து போனதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிர்கள், நீர் கலங்கும்போது தம்முள் நடக்கும் வேதியியல் மாற்றத்தால் எழுப்பும் ஒளி அது. கீழே ஓடியது சூடை மீனாயிருந்தாலும் நீண்ட ஒளிச் சர்ப்பமாகவே தெரியும். கலக்காமலே அடிவானம் வரை பால்போல ஒளிரும் கடல் வேறொன்று. மாலுமிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்ததைக் கரையில் இருந்தவர்கள் கதை என்றே வைத்திருந்தார்கள். 1995 ஜனவரியில் ‘லீமா’ என்ற கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் கண்ட பால்கடலை, அதே இரவுகளின் செய்மதிப் படங்களில் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பரப்பு 15,400 சதுர கிலோமீற்றர், இலங்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஒளிரும் பக்டீரியாக்கள் காரணம் என்று கருதுகிறார்கள். மாலுமிகள் சொன்னது அப்படியே இருந்தது.

மட்டக்களப்பு வாவியின் பாட்டும் அவ்வாறே மெய்யான ஒலி. 1848இல் டெனன்ட் இரவில் படகில் போய்க் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல் இருந்ததாக எழுதினார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனையல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தையை. கல்லடிப் பாலத்தருகே நிலவு நாளில் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். நீரொலி மரத்தின் வழியே நன்றாக ஏறிவரும் என்பதால் அது மிகச் சரியான முறையுங்கூட. பாடுவது எந்த உயிர் என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. காற்றுப்பையின் தசைகளை வேகமாக அதிரச் செய்து ஒலியெழுப்பும் மீன்கள் உலகில் பல உண்டு. 1980களில் கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகுவீடுகளில் இருந்தோரைத் தூங்கவிடாத மர்ம இரைச்சல், கடைசியில் துணையை அழைக்கும் ஆண் மீன்களின் ஒலியாக முடிந்தது. கல்லடியின் கீழே நல்ல நீரடி ஒலிவாங்கியோடு ஒரு வருடம் இருக்க நம் பிள்ளைகளில் ஒருவர் முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி, தம்பி, உங்கள் சித்தப்பாவிடம் வருகிறேன். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மற்றத் திமிங்கிலங்கள் பலவற்றைப்போல உயர்ந்த முதுகுத்துடுப்புக் கிடையாது. தாழ்ந்த ஒரு திமில்தான் உண்டு. அந்தத் திமிலுக்குப் பின்னால் வால்வரை முண்டு முண்டாக, போகப் போகச் சிறுத்துக்கொண்டு, ஒரு வரிசை இருக்கும். அமைதியான நீரில் அது மெதுவாக நகரும்போது ஒரே உடலில் ஐந்தாறு முதுகுகள் தெரியும். ஆழ முக்குளிக்கும்போது வாலைத் தூக்கும். சும்மா தாழும்போது மரக்குற்றி அமிழ்வதுபோலச் சத்தமின்றி இறங்கிவிடும். சித்தப்பா கண்ட ‘முதலாவது பெரியது, மற்றவை இறங்குவரிசை’ என்ற ஒன்றுதான் என்னை இந்தப் பக்கம் சாய்க்கிறது. ஓங்கல் கூட்டமாயிருந்தால் துடுப்புகள் தெரிந்திருக்கும், அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும்; தூரத்துக் கப்பலின் அலையாயிருந்தால் முதுகுகள் பக்கவாட்டில் அகன்றுகொண்டே போயிருக்கும்.

ஆனாலும் நான் அங்கே இருக்கவில்லை. ஆகவே சில கேள்விகளை அவரிடம் மரியாதையாகக் கேட்டு எழுதி வையுங்கள். ஆறு முதுகுகளும் ஒரே நேரத்தில் தாழ்ந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? முதலாவது முதுகுக்கு முன்னால், இடப்பக்கம் சாய்ந்தாற்போல, குறுகிய புகை ஊதல் ஏதும் எழுந்ததா? அந்தத் திமிங்கிலத்தின் மூக்குத்துளை தலையின் இடது ஓரத்தில் இருப்பதால் அதன் ஊதல் எப்போதும் முன்னோக்கி இடப்பக்கம் சாயும். வேறு எதுவும் அப்படி ஊதாது. மறைந்த இடத்தில், எண்ணெய் படர்ந்ததுபோல் நீர் வட்டமாக வழவழத்து நின்றதா? இவற்றுக்கு அவர் சொல்லும் விடை எதுவாயினும், நாள், நேரம், கரையில் எந்த அடையாளம் எந்தத் திசையில் தெரிந்தது என்பவற்றோடு அவருடைய சொல்லிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். நம் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கடல் உயிரியல் பார்ப்பவர்களிடமும் தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவிடமும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.